ஆண்கடலுக்கும் பெண்கடலுக்கும் நடுவே ஒரு நடை

டென்டுக்குள் கட்டில் இருப்பதைப் பார்த்ததும் சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாடா இது, கூடாரம்னு சொன்ன? கட்டிலு, மெத்தை, ஏசி, உள்ளயே பாத்ரூம். பேசாம வீடுன்னே சொல்லிட்டுப் போலாமே!"

வாடகை எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஒரு சேலைக் கூலியில பாதிடா. ஒரு ராத்திரி தூங்கறதுக்கா?"

அந்த ராத்திரி தூக்கமும் வரவில்லை என்பது தனிக்கதை. தை மாதம். தங்கச்சிமடம் பக்கம் வடக்குக் கடலைப் பார்த்த தென்னந்தோப்பு. வாடைக்காற்று தோப்பைப் பிடித்து உலுக்க, கூடாரத்துத் துணி விடிய விடியப் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. 'கடல் தாலாட்டும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். தாலாட்டு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று போடவில்லை. நாலரை மணிக்குச் சித்தப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தூங்கத்தான் துட்டு குடுத்தோம், அது நடக்கல. வா, நாமளாவது நடப்போம்."

எங்களுக்கு ஊர் சேத்துப்பட்டு. ஆரணிப் பட்டு நெய்கிற குடும்பம். நான் தறியை விட்டுப் பேனாவுக்கு வந்தவன், சித்தப்பா தறியிலேயே இருந்துவிட்டவர். குழித்தறியில் கால் இரண்டையும் குழிக்குள் விட்டு உட்கார்ந்தால், கை நாடாவை ஓட்டும், கால் மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதிக்கும். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை இதே வேலை. நாள் முழுக்க மிதித்தும் ஓர் அடிகூட நகராத கால் அது. பாவு நீட்டுகிற விடியற்காலைகளில் மட்டும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடப்பார்கள். முழங்கால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளோடு வாயால் சொன்ன மருந்து ஒன்று: "நடங்க." அந்த மருந்தைக் கொடுக்கத்தான் நான் அவரை இராமேசுவரம் தீவுக்குக் கூட்டி வந்திருந்தேன்.

கூடாரம் வந்த கதை

'கிளாம்பிங்' என்ற சொல் இப்போது எல்லா ஊர் சுற்றுலா விளம்பரங்களிலும் அடிபடுகிறது. கூடாரத்தில் தங்க வேண்டும், ஆனால் ஒரு சௌகரியமும் குறையக்கூடாது. அதுதான் அதன் பொருள். முன்பெல்லாம் சாரணர் இயக்கத்துப் பையன்களும் என்.சி.சி. மாணவர்களும் தார்ப்பாயை விரித்துப் படுத்தார்கள். இன்று அதே துணிக்குக் கீழே டைல்ஸ் தரை. ஏலகிரி, கொடைக்கானல் என்று மலைகளில் பரவிய வழக்கம் இப்போது தீவுகளுக்கு இறங்கியிருக்கிறது. லட்சத்தீவில் பங்காரம் போன்ற தீவுகளில் கடற்கரையிலேயே வரிசையாகக் கூடார விடுதிகள் வந்துவிட்டன. 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த படங்கள் பரவியபிறகு, பட்ஜெட்டைப் பார்க்காமல் லட்சத்தீவுக்கு வழி விசாரிக்காத குடும்பம் இல்லை. அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும், கொச்சியிலிருந்து கப்பல், இல்லாவிட்டால் விமானம் பிடிக்க வேண்டும். அந்தமானுக்குச் சென்னையிலிருந்து விமானமே இருக்கிறது, ஆனால் நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுப் பார்த்தால் ஆசை தானாகவே அடங்கிவிடும்.

ரயிலில் போய் இறங்கக்கூடிய தீவு நமக்கு ஒன்று இருக்கிறது. அதை நாம் தீவாகவே நினைப்பதில்லை. கோயிலாக நினைக்கிறோம்.

எங்கள் ஊரிலிருந்து இராமேசுவரத்துக்கு வருஷா வருஷம் வேன்கள் போகின்றன. அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, கோயிலுக்குள் 22 தீர்த்தம், ஈரத்துணியோடு தரிசனம், ஓட்டலில் பொங்கல். பிறகு அதே வேனில் தனுஷ்கோடி. இருபது நிமிஷம். போட்டோ, சங்கு மாலை, மாங்காய்த் துண்டு. சாயங்காலம் திரும்பிவிடுவோம். நானும் மூன்று முறை அப்படித்தான் போய்வந்தேன். மூன்று முறையும் தீவை வேன் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. நாம் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறோம், பாதிப்பேர் செருப்புகூட இல்லாமல். பர்வதமலையில் சங்கிலியைப் பிடித்து ஏறுகிறோம். எங்கள் ஊர் மாதா மலைத் திருவிழாவுக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ நடந்தே வருகிறார்கள். நடப்பது நமக்குப் புதிதே கிடையாது. ஆனால் விடுமுறை என்றதும், காலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தமாதிரி, கோயில் வாசலுக்கே ஆட்டோ கேட்கிறோம்.

பாம்பனில் அரைமணி நேரம்

முதல் நடை பாம்பன் சாலைப் பாலத்தில். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்த பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பகலில் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் நெரிசல். விடியற்காலையில் மீன் லாரிகளும் நாமும்தான். கீழே ரயில் பாலங்கள் தெரிந்தன. 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழையது, பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதியது. பழையதில் நடுப்பகுதி இரண்டு கைகளைப் போல விரிந்து கப்பலுக்கு வழிவிட்டது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு, லிப்ட் போல அப்படியே மேலே போகும். 1964 புயல் பழைய பாலத்தின் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனபோது, அதை 46 நாளில் திரும்ப நிறுத்திக் காட்டியவர் அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர்.

இங்கே வேகமாக நடக்கக் கூடாது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ஓடும் நீரைப் பாருங்கள். கடல் ஆறு மாதிரி ஒரே திசையில் ஓடுவதை நான் வேறெங்கும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. குறுகலான கால்வாய் வழியே ஒரு கடலின் தண்ணீர் இன்னொரு கடலுக்குப் போகிறது. சித்தப்பா பாலத்தையும் பார்க்கவில்லை, கீழே நின்ற படகுகளையும் பார்க்கவில்லை. கடலின் நிறத்தைப் பார்த்தார். "இந்தப் பக்கம் மயில்கழுத்து. அந்தப் பக்கம் எம்.எஸ். புளூ. சாயம் போட்டவன் கெட்டிக்காரன்."

ஒன்பதரை கிலோமீட்டர்

தீவு மேற்கே பாம்பனில் அகலமாகத் தொடங்கி, தென்கிழக்கே மெலிந்து மெலிந்து காத்தாடி வால்போல நீண்டு, அரிச்சல்முனையில் முடிகிறது. மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். அந்த வாலில்தான் நடக்க வேண்டும்.

முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்புறம் மணலிலும் கடல்நீரிலும் விழுந்து எழுந்து போகும் மினி லாரிகள்தான். 2017 ஜூலையில் ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறந்தார்கள். முதல் ஐந்து பழைய தனுஷ்கோடி வரை, மீதி நாலரை அரிச்சல்முனை வரை. அங்கே குடியிருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு அந்தச் சாலை பெரிய உதவி, அதில் மறுபேச்சே இல்லை. சுற்றுலா வந்தவர்களுக்கு மட்டும் அது வேறொரு காரியம் செய்தது. மணலில் கால் வைக்காமலேயே தனுஷ்கோடி பார்த்துவிட்டோம் என்று சொல்ல வைத்தது.

மறுநாள் நாங்கள் ஆறரைக்குச் சத்திரத்திலிருந்து புறப்பட்டோம். தோளில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு சீப்பு வாழைப்பழம், தலையில் துண்டு. சாலையை விட்டுத் தென்புறக் கரையில் இறங்கினோம். ஈரமணலில் நடப்பது சுலபம், உலர்ந்த மணலில் காலுக்கு இரட்டிப்பு வேலை. இது தெரியாமல் முதல் அரைமணி நேரம் மேட்டு மணலில் நடந்து மூச்சு வாங்கியது எனக்குத்தான். சித்தப்பா அலை நனைத்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். நாற்பது வருஷ மிதிக்கட்டைக் கால், அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மேட்டில் இராவணன் மீசை. இந்தப் புல்லுக்கு இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. கிட்டப் போய்த் தொட்டால் குத்தும், விறைத்துக்கொண்டு நிற்கும், முறுக்கிவிட்ட மீசையேதான். காய்ந்த பந்து பந்தான பூங்கொத்துகளைக் காற்று பிய்த்துக் கரையில் உருட்டிக்கொண்டு போகும். ஒரு பந்தின் முட்கள் நுனியில் நின்று நிஜமாகவே நாலு கால் பிராணிபோல ஓடியதைப் பார்த்துச் சித்தப்பா ஒதுங்கி நின்றார். மீசையோடு பின்னிக்கிடப்பது அடும்புக்கொடி, ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, கத்திரிப்பூ நிறத்தில் பூ. இந்த இரண்டு செடிகளும்தான் இந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஜீப்பை மணலில் இறக்கி வட்டமடிக்கிறவர்கள் முதலில் சிதைப்பது இவற்றைத்தான்.

மூன்றாவது கிலோமீட்டர் வாக்கில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் ஒரு நுனிக் கயிறு கரையில். வள்ளம் கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, மறு நுனியை அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்திருந்தது. இரண்டு கயிற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். இடுப்பில் கயிற்றைக் கொடுத்து, கடலைப் பார்த்தபடி, பின்னாலேயே நடக்கிறார்கள். ஓர் அடி, ஒரு நிறுத்தம். பின்வரிசை ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்வரிசைக்கு ஓடுகிறார். முன்வரிசை மறுபடி பின்வரிசை ஆகிறது. கடலிலிருந்து வரும் கயிறு அவர்களுக்குப் பின்னால் மணலில் சுருள்சுருளாக விழுகிறது. சித்தப்பா கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டார். பாவு இழுத்த கை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் இடம் விட்டார்கள், அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் கழித்து வலை கரைக்கு வந்தபோது உள்ளே காரல், சாளை, கை அகல நண்டுகள், வாளி நிறையச் சொறிமீன்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார் கயிற்றில் முன்னால் நின்ற பெரியவர்.

"ஆரணிப் பக்கம், சேத்துப்பட்டுண்ணா. தறி."

"அதான் கயித்தப் புடிச்ச புடியே வேற மாரி இருந்துச்சு."

இரண்டு கடலைப் பற்றியும் அவர்தான் சொன்னார். தனுஷ்கோடிக்காரர்களுக்குத் தெற்கே இருப்பது ஆண்கடல், வடக்கே இருப்பது பெண்கடல். பாடப்புத்தகத்தில் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை. ஆண்கடல் ஆழம், முரடு. பெண்கடல் மேடு, சாது. இதைப் பல கட்டுரைகளில் படித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத் தெற்குக் கடல்தான் தொட்டித் தண்ணீர் போலக் கிடந்தது, வடக்கே நுரைத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டேன்.

"தம்பி, இப்ப வாடை. வாடையில பொம்பளக் கடல்தான் ஆடும், ஆம்பளக் கடல் படுத்துக் கெடக்கும். கச்சான் காத்து அடிக்கட்டும், அப்ப வந்து பாருங்க. நாங்க வலையத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிருவோம்."

ஒரு சாலை அகலத் தூரத்தில் இரண்டு கடல். ஒன்று சீறினால் மற்றதில் பிழைப்பு. வேனில் போனபோது இதைச் சொல்ல ஆளில்லை.

கூரை இல்லாத ஊர்

பழைய தனுஷ்கோடி. இந்த ஊரைப் பற்றித் தெரியாத தமிழ் வாசகர் இருக்கமாட்டார், சுருக்கமாகவே சொல்கிறேன். எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் எடுத்துக்கொண்டு போட் மெயில் ஏறியவர்கள், இங்கே இறங்கி நீராவிக் கப்பலில் தலைமன்னார் போனார்கள். துறைமுகம், சுங்க அலுவலகம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல். பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் முழுதாக எடுத்துக்கொண்டது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். பிறகு இந்த ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது.

மாதா கோயில் சுவர் இன்னும் நிற்கிறது. அதைப் படம் எடுக்க வரிசை நிற்கிறது. படம் எடுத்தது போதும், சுவருக்குக் கிட்டப் போய்க் கண்ணை வைத்துப் பாருங்கள். கல் என்று நாம் நினைப்பது கல்லே அல்ல, பவளப்பாறை. கடலுக்குள் உயிரோடு இருந்தபோது ஒவ்வொரு பூச்சியும் குடியிருந்த குழி, பூப்போல, நட்சத்திரம்போல, வரிசை தப்பாமல் பதிந்திருக்கிறது. சித்தப்பா விரலால் தடவிப் பார்த்தார். "புட்டா" என்றார். உடம்பெல்லாம் சின்னச் சின்னப் புட்டா போட்ட சேலை ஒன்று நாலு மாதத்துக்கு முன்புதான் தறியிலிருந்து இறங்கியிருந்தது. அப்புறம் வழி நெடுக அவர் கண் சுவர்களின் மேல்தான் இருந்தது.

இடிபாடுகளுக்குப் பின்னால் ஓர் அம்மாள் குடத்தோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை ஆழ மணல்குழி. அடியில் தண்ணீர் கசிந்து ஊறுகிறது. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார். இருபுறமும் கூப்பிடு தூரத்தில் கடல். "குடிச்சுப் பாருங்க தம்பி" என்றார். குடித்தேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைவிட நன்றாக இருந்தது, நிஜமாகவே.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மழைநீர் உப்புநீரைவிட எடை குறைவு. மணலுக்குள் இறங்கிய மழை, கீழே இருக்கும் கடல்நீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது, பாலின்மேல் ஏடு மாதிரி. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர்களின் கணக்கு. மேலே உள்ளதை மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழே உள்ள உப்பு அதே கணக்கில் மேலேறும். தீவில் நீச்சல்குளத்தோடு விடுதி கட்ட நினைப்பவர்கள் இந்தக் குழியின் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். அந்த அம்மாள் இரண்டு குடம் நிரப்பியதும் குழியை மணலால் மூடிவிட்டார்.

இங்கிருந்து அரிச்சல்முனை வரை வெயில் ஏறிவிடும். கரையோரத்தில் வனத்துறை வேலி போட்டு ஆமை முட்டைகளைக் காக்கும் பொரிப்பகம் உண்டு. தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது. முனையில் அசோகத் தூண், அதைச் சுற்றி வேன்கள், இளநீர்க் கடைகள். நாங்கள் தூணைத் தாண்டி மணலில் இறங்கினோம். இரண்டு கடலும் சாய்வாக வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம். கோடு போட்டமாதிரி இந்தப்புறம் ஒரு நிறம், அந்தப்புறம் ஒரு நிறம்.

சித்தப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கோர்வை" என்றார். உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக, தனித்தனி நாடாவால் நெய்து இழைக்கு இழை கோத்துச் சேர்க்கும் வேலைக்குத் தறிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஒற்றை ஆளால் ஆகாது, எதிர்ப்பக்கம் இன்னொருவர் வேண்டும். சின்ன வயதில் என் அப்பாவின் தறியில் அந்த எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் சித்தப்பா.

இங்கே மட்டும் கடலில் இறங்க வேண்டாம். நீரோட்டம் எந்த நேரத்தில் எப்படித் திரும்பும் என்று உள்ளூர்க்காரர்களே சொல்லமாட்டார்கள். மாலை மங்குவதற்குள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். 'தனுஷ்கோடி மணலில் கூடாரம் போட்டு நிலா பார்க்கலாம்' என்று யாராவது ஆசை காட்டினால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

வில் வைத்திருக்கும் ராமர்

திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில். 1964 புயலில் தப்பிய கட்டிடம். விபீஷணன் சரணடைந்த இடம் என்பது ஐதீகம். பிரதான சாலையிலிருந்து பிரிந்து, இருபுறமும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு கிடக்க நடுவே போகும் பாதை. நடக்க மிக நல்லது, ஏற்றமில்லை, இறக்கமில்லை.

சேத்துப்பட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் நெடுங்குணம். அங்கே ராமர் கையில் வில்லில்லாமல் யோகத்தில் உட்கார்ந்திருப்பார். போர் முடிந்த பிறகு ஓய்ந்து அமர்ந்த கோலம் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அவரைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள், போருக்கு முன்னால் வில்லோடு நிற்பவரைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். சித்தப்பாவுக்கு அதில் ஒரு திருப்தி. "அங்க முடிவு, இங்க ஆரம்பம்."

எனக்குத் திருப்தி தந்தது தண்ணீரில் நின்றது. முதலில் உப்புக் குவியல் என்றே நினைத்தேன். குவியல் நகர்ந்தது. பூநாரைகள். நூறு இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, வளைந்த அலகால் சேற்றைச் சலித்துச் சலித்துத் தின்கின்றன. தின்னும் பாசியிலும் சின்ன இறால்களிலும் இருக்கிற நிறச்சத்துதான் இறகில் ஏறுகிறது. "வெங்காயச் சருகு கலர்" என்றார் சித்தப்பா. கல்யாணச் சேலைக்கு இப்போது அதைத்தான் அதிகம் கேட்கிறார்களாம்.

2025 ஜூனில் இந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2023-24 கணக்கெடுப்பில் இங்கே 128 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கிட்டத்தில் படம் வேண்டும் என்று தண்ணீரில் இறங்கித் துரத்தாதீர்கள், டிரோன் விடாதீர்கள். எங்கிருந்தோ வந்த பறவை, தின்ன உட்கார்ந்த இடத்தில் நம்மால் ஒருமுறை எழுந்து பறந்தால், தின்றது அந்தப் பறத்தலுக்கே வீணாகும்.

உடை மரமும் பாசிப் பெண்களும்

மறுநாள் கந்தமாதன பர்வதம். பர்வதம் என்ற பேரைக் கேட்டு எங்கள் பர்வதமலையை நினைத்துவிடாதீர்கள், மணல்மேடுதான். கோயிலிலிருந்து வடக்கே மூன்று கிலோமீட்டருக்குள். மேலே ராமர் பாதம். தீவிலேயே உயரமான இடம், மாடியில் ஏறினால் சுற்றிலும் கடல். ஆட்டோவில் போகாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் வழியில் நிற்கும் உடை மரங்கள். குடையை விரித்துக் கவிழ்த்தமாதிரி தட்டையான தலை. காற்றுக்கு வளைந்து, ஒன்றன் நிழல் இன்னொன்றைத் தொட, அடியில் ஆடுகள். தூரத்தில் தொலைக்காட்சிக் கோபுரம், 323 மீட்டர், இந்தியாவிலேயே இதுதான் உயரம். ஒரு சின்ன எச்சரிக்கை: உடை முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். எனக்கு வந்தது.

குந்துகால் வேறு மாதிரி. 1897 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விவேகானந்தர் கரையிறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே குருசடைத் தீவு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்று. 1986-ல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா இவற்றைச் சேர்த்ததுதான். விலங்கியல் படித்தவர்களுக்குக் குருசடை என்றாலே பலனோகிளாசஸ் என்ற புழுதான் ஞாபகம் வரும், பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பார்கள். குருசடைக்கு வனத்துறைப் படகு விட்டால் மட்டும் போகலாம். மற்ற தீவுகளில் கால் வைக்க அனுமதி இல்லை. வேண்டவும் வேண்டாம், இந்தக் கரையிலேயே பார்க்க ஏராளம்.

குந்துகாலிலிருந்து சின்னப்பாலம் வரை கரையோரமாக நடந்தோம். கடல் வற்றியிருந்தது. பெண்கள் கூட்டமாக முழங்காலளவு தண்ணீரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். முழுக்கைச் சட்டை, கண்ணுக்கு முகமூடிக் கண்ணாடி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை. பாசி எடுக்கிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று தரம் பிரித்து வைத்திருந்தார்கள். ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் சேரும் அகர் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருகிறது. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது, சித்திரையை ஒட்டி 45 நாள் எடுப்பதே இல்லை என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாசி தழைக்க நேரம் கொடுக்க வேண்டுமாம். இந்தச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்குத்தான் 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

ஓர் அக்காவின் விரலைச் சித்தப்பா உற்றுப் பார்த்தார். பவளமும் பாறையும் கீறிய தழும்புகள். தன் விரலைக் காட்டினார், ஜரிகையும் பட்டு இழையும் அறுத்த கோடுகள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அக்கா சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு ரிப்பன் போதும்

தென்கொரியாவில் ஜேஜு என்று ஒரு தீவு. சுற்றுலாக்காரர்கள் பஸ்ஸில் வந்து, எரிமலையைப் பார்த்து, பஸ்ஸிலேயே திரும்பும் தீவாக இருந்தது. அந்தத் தீவில் பிறந்த ஒரு பத்திரிகையாளர், சோ மியங் சுக், வேலையை விட்டுவிட்டு ஸ்பெயினில் யாத்திரைப் பாதை ஒன்றை நடந்து முடித்தார். ஊர் திரும்பி 2007-ல் முதல் நடைபாதையைத் தொடங்கினார். 'ஒல்லே' என்று பெயர். வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு வரும் சந்துக்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இன்று தீவைச் சுற்றி நானூறு கிலோமீட்டருக்கு மேல் பாதை. புதுச்சாலை போடவில்லை. இருந்த ஒற்றையடிப் பாதைகளைச் சேர்த்து, மரக்கிளைகளில் நீலமும் ஆரஞ்சுமாக ரிப்பன் கட்டினார்கள். நடக்கிறவர்கள் ராத்திரி தங்குவது ஊர்க்காரர்கள் வீட்டில், சாப்பிடுவது ஊர்க்கடையில்.

நாங்கள் நடந்த மூன்று நாளில், 'நடப்பவர்களுக்கு' என்று ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை. வண்டி நிறுத்தக் கட்டணப் பலகைகள் நிறையப் பட்டன. தீவில் கூடார விடுதி இன்னும் நாலு வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை கரையோரமாக ரிப்பன் கட்டுங்கள், மூன்று இடத்தில் குடிதண்ணீரும் நிழலும் வையுங்கள், கரைவலைப் பெரியவர்களில் நாலு பேருக்கு வழிகாட்டி அட்டை கொடுங்கள். சுற்றுலாத் துறைக்கு இது பெரிய செலவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சேத்துப்பட்டுக்காரர்கள் செஞ்சி வழியாக விழுப்புரம் போனால் இராமேசுவரம் ரயிலைப் பிடிக்கலாம், புதிய பாலத்தில் ரயில் தீவுக்குள்ளேயே போகிறது. தையும் மாசியும் நடைக்கு ஏற்ற மாதங்கள். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்குமேல் மணலில் கால் வைக்க முடியாது. கூடார விடுதி எடுப்பதானால், வாடைக் காலத்தில் தெற்குக் கரையாகப் பார்த்து எடுங்கள், எங்களைப்போல் வடக்கே எடுத்துவிட்டு விடிய விடிய முழித்திருக்க வேண்டாம். உயிருள்ள சங்கையோ பவளத்துண்டையோ பொறுக்கிப் பையில் போடாதீர்கள். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, சோதனைச்சாவடியில் மாட்டினால் அபராதத்தோடு போகாது.

இது எதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் ஒன்றை மட்டும் செய்யுங்கள். அடுத்தமுறை தனுஷ்கோடிக்கு வேன் போகும்போது, முகுந்தராயர் சத்திரத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுங்கள். "நீங்க முன்னால போய் அரிச்சல்முனையில நில்லுங்க, நாங்க வந்துடறோம்" என்று டிரைவரிடம் சொல்லுங்கள். இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.